பிஞ்சு, காய், முற்றல், நெற்று: சுரைக் குடும்பம் பற்றி ஓர் அறிமுகம்

சுரைக்காயைக் கடையில் வாங்கும்போது எல்லோரும் ஒரு வேலை செய்கிறோம்: கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்திப் பார்க்கிறோம். நகம் இறங்கினால் வாங்குகிறோம், இறங்காவிட்டால் அடுத்த காயை எடுக்கிறோம். கடைக்காரர் முறைப்பார், அது தனிக்கதை. இந்த நகச் சோதனையைச் சரியாகப் புரிந்துகொண்டால் சுரை, பூசணி, பரங்கி, பீர்க்கு, புடல், பாகல் என்று இந்தக் குடும்பம் முழுவதையும் புரிந்துகொண்ட மாதிரிதான். ஏனென்றால் இந்தக் காய்கள் என்ன வேலைக்கு உதவும் என்பதைப் பெரும்பாலும் அவற்றின் வயதுதான் முடிவு செய்கிறது. நகம் இறங்கினால் கூட்டு. இறங்காவிட்டால், இன்னும் சில மாதம் பொறுத்தால், குடுக்கை.

காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கொடிகள் புதிதல்ல. வயல் நெல்லுக்கு, கொல்லை கொடிக்கு என்பதுதான் இங்கே பாகப்பிரிவினை. கூரை வீடுகள் இருந்த காலத்தில் சுரையும் பரங்கியும் கூரைமேல் ஏறிவிடும், பீர்க்குக்கும் புடலுக்கும் பந்தல் போடுவார்கள். இப்போது கான்கிரீட் மாடியில் கைப்பிடிச் சுவரைச் சுற்றி ஏறுகிறது. கொள்ளிடக்கரைப் படுகை நிலங்களில் வியாபாரத்துக்கென்றே பயிர் செய்கிறார்கள்.

தாவரவியலில் இந்தக் குடும்பத்துக்குக் குக்கர்பிட்டேசி என்று பெயர். உலகம் முழுக்க ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான இனங்கள் இருக்கின்றன. வெள்ளரியும் தர்ப்பூசணியும் கோவையும் இதில் அடக்கம். சளிக்கு அடையில் அரைத்துப் போடும் முசுமுசுக்கைகூட இந்தக் குடும்பம்தான், இலையைத் தடவிப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பிலேயே உறவு தெரிந்துவிடும். கம்பிச்சுருளாக நீண்டு எதையாவது பற்றிக்கொள்ளும் பற்றுக்கம்பி, ஆண் பூ வேறு பெண் பூ வேறாகப் பூப்பது, வெளியே தோல் உள்ளே நீர் நடுவே விதை என்ற காயமைப்பு, இவை மூன்றும் பொது அடையாளங்கள்.

பூவிலிருந்து தொடங்குவோம், புதிதாகக் கொடி வைத்தவர்கள் முதலில் குழம்பும் இடம் அதுதான்.

"பூவாப் பூத்துக் கொட்டுது, ஒரு பிஞ்சு நிக்கலை" என்பது எல்லாக் கொல்லையிலும் கேட்கும் புலம்பல். கொட்டுவது பெரும்பாலும் ஆண் பூ. கொடி முதலில் ஆண் பூக்களைத்தான் விடும், அவை ஒரு நாள் விரிந்து உதிர்ந்துவிடும், அதுதான் அவற்றின் வேலை. பெண் பூ பின்னால் வரும். அடையாளம் சுலபம்: ஆண் பூவுக்கு மெல்லிய காம்பு மட்டும் இருக்கும். பெண் பூவுக்குக் கீழே, பூ விரியும் முன்பே, குட்டியாக ஒரு காய் உட்கார்ந்திருக்கும். பாகலென்றால் முள்ளு முள்ளாகச் சின்னப் பாகல், சுரையென்றால் ரோமம் படிந்த சின்னச் சுரை.

அந்தக் குட்டிக் காய் இன்னும் காய் ஆகவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அது வெறும் சூற்பை. ஆண் பூவின் மகரந்தம் வந்து சேர்ந்தால் பெருக்கும், சேராவிட்டால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி, சூம்பி, விழுந்துவிடும். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. சின்னப் பிள்ளைகள் ஆசையாகக் காட்டப் போனால் "விரலை மடக்கு" என்று அதட்டுவார்கள். மகரந்தம் சேராத பிஞ்சை யார் காட்டினாலும் காட்டாவிட்டாலும் விழத்தான் செய்யும். ஆனால் நேற்றுப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பிஞ்சு இன்று மஞ்சளாகிக் கிடந்தால், யாராவது ஒருவர் மேல் பழி போடத்தானே தோன்றும்?

மகரந்தத்தைச் சேர்ப்பது யார் என்பது பூ விரியும் நேரத்தைப் பொறுத்தது. பரங்கி, பூசணி, பாகல் பூக்கள் அதிகாலையில் விரிகின்றன, தேனீக்கள் வருகின்றன. சுரையின் வெள்ளைப் பூ சாயங்காலம் விரிகிறது. இருட்டில் தெரிய வெள்ளை நிறம், இரவில் வரும் அந்துப்பூச்சிகள்தான் விருந்தாளிகள். ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த புடலம்பூவும் அந்தி நேரத்துப் பூதான். நாம் சமைக்கும் வரிப்பீர்க்கு பூ மஞ்சளாக இருந்தாலும் மாலையில்தான் மலரும். ஆகவே கையால் மகரந்தம் சேர்க்க நினைப்பவர்கள் பரங்கிக்குக் காலை ஆறு மணிக்கும், சுரைக்குப் பொழுது சாய்ந்த பிறகும் கொடிக்குப் போக வேண்டும். புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினால் போதும்.

மார்கழி மாதம் வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் மேல் செருகி வைக்கும் பரங்கிப்பூ இங்கே நினைவுக்கு வரும். நீளக் காம்போடு பறிக்க வசதியாக இருப்பது ஆண் பூ. விவரம் தெரிந்த வீடுகளில் அதைத்தான் பறிப்பார்கள், பிஞ்சோடு இருக்கும் பெண் பூவைப் பறித்தால் தைப் பொங்கலுக்குப் பரங்கிக்காய் இருக்காது. உதிரப்போகும் பூவை வாசலுக்கும், காய்க்கப்போகும் பூவைக் கொடிக்கும் விட்டது நல்ல கணக்குதான்.

இனிக் காய். பூ விரிந்து ஒரு வாரத்தில் பீர்க்கும், ஏறத்தாழ இரண்டு வாரத்தில் சுரையும் சமையலுக்குத் தயாராகிவிடும். இந்தப் பருவத்தில் 100 கிராம் காயில் 92 முதல் 96 கிராம் வரை வெறும் தண்ணீர். சமையலறையில் இந்தக் காய்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கெல்லாம் இந்த ஒரு எண்தான் காரணம். பீர்க்கங்காயைச் சட்டி நிறைய அரிந்து போடுவோம், வெந்தபின் அடியில் ஒரு கைப்பிடி கிடக்கும். சுரைக்காய்க் கூட்டுக்குத் தண்ணீர் ஊற்றினால் ரசமாகிவிடும். புடலங்காயை அரிந்து உப்புப் பிசறிப் பிழிந்துவிட்டு வதக்குவதும் அதற்காகத்தான். தனக்கென்று பெரிய ருசி இல்லாத காய்கள் என்று இவற்றைச் சிலர் இளப்பமாகப் பேசுவார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. பயத்தம்பருப்பு, தேங்காய், சீரகம் அரைத்துவிட்ட புடலங்காய்ப் பொரிச்ச கூட்டில் காய் மற்றவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. வெயில் காலத்தில் அதுவே போதும்.

இளம் பரங்கியைத் தஞ்சாவூர்ப் பக்கம் பால் விட்டுக் கூட்டாகச் செய்வார்கள், பழுத்த பரங்கியைப் புளி விட்டு. ஒரே காய், வயது மாறியதும் பக்குவமும் மாறுகிறது. பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைப்பவர்களும் பிஞ்சுத் தோலைத்தான் எடுப்பார்கள், முற்றிய தோல் நாராக வாயில் நிற்கும். பாகற்காய்ப் பிட்லை, மிதிபாகல் வற்றல் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே அடங்காது. கோடையில் பேருந்து நிலையங்களில் உப்பு மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிப் பிஞ்சு வருகிறது, பின்னாலேயே வெடித்த வெள்ளரிப்பழம் வருகிறது. அதை நாட்டுச் சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிடாதவர்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

காய்ப் பருவத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுரை, பீர்க்கு, புடல், வெள்ளரி ஆகியவற்றை அரிந்ததும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மொத்தக் காயையும் தூக்கிப் போடுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகள் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டக் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சைத் தயாரிக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கசப்பில்லாத காயின் விதையையே எடுத்து விதைத்து விவசாயிகள் அதை ஒடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அருகில் கசப்புச் சுரை ஏதாவது இருந்து மகரந்தம் கலந்தால், அந்த விதையிலிருந்து வரும் கொடியில் கசப்பு திரும்பிவிடும். கொடி வறட்சியில் தவித்தாலும் தலைகாட்டலாம். வேகவைத்தாலும் இந்த நச்சு போகாது. பச்சையாகச் சாறு பிழிந்து குடிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், ஒரே மடக்கில் ஒரு காயின் சாறு முழுக்க உள்ளே போகிறது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி வரை போகும், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு, கசக்கும் சுரைச் சாற்றை எக்காரணம் கொண்டும் குடிக்கக் கூடாது என்று சொன்னது. அந்த அறிக்கை 2012 இல் வெளியானது. குடித்த பிறகு வயிற்றைப் புரட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாகற்காய் கசக்கிறதே என்று கேட்கலாம். அதன் கசப்புப் பொருள்கள் வேறு, அளவாகச் சாப்பிட்டுப் பழகிய கசப்பு அது. கசக்கக் கூடாத காய் கசந்தால்தான் வம்பு.

அடுத்தது முற்றல். சுரையும் பீர்க்கும் முற்றினால் சமையல்காரருக்கு நஷ்டம். பூசணிக்கும் பரங்கிக்கும் நேர்மாறு, முற்றினால்தான் மதிப்பு. (டெல்டாவில் பூசணி என்றால் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி. மஞ்சளாக இருப்பது பரங்கி. சென்னைக்குப் போய் வெறுமனே பூசணி கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது.) பிஞ்சுப் பூசணியின் மேல் ரோமம் இருக்கும். முற்ற முற்ற ரோமம் உதிர்ந்து, தோலில் வெள்ளையாக ஒரு பூச்சுப் படியும். தொட்டால் கையில் ஒட்டும் அந்தத் தூள் உண்மையில் மெழுகு. உள்ளே இருக்கும் அவ்வளவு நீரையும் வெளியே விடாமல், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாமல் அது காக்கிறது. முற்றிய பூசணியைக் காம்போடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன் ஐம்பது பந்திக் கல்யாணத்துக்கு முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைக்க முடிந்த காய் இது. கல்யாணச் சாம்பாரிலும் மோர்க்குழம்பிலும் பூசணி நிரந்தர இடம் பிடித்ததில் இந்த வசதிக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். காசி அல்வாவும் இந்தக் காய்தான். துருவிப் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறினால் தண்ணீர்க்காய் என்ற அடையாளமே மறைந்துவிடும்.

புது வீட்டு வாசலில் முகம் வரைந்து தொங்குவதும், ஆயுத பூஜையன்று நடுத்தெருவில் குங்குமத்தோடு சிதறுவதும் முற்றிய பூசணியே. பல நாள் தொங்கினாலும் அழுகாத தோல் முதல் வேலைக்கு உதவுகிறது. இரண்டாவது வேலையில் உள்ளே இருக்கும் தண்ணீரும் வழவழப்பான சதையும் இரு சக்கர வாகனங்களுக்கு எமனாகின்றன. உடைத்த கையோடு துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டால் திருஷ்டி ஒன்றும் திரும்பி வந்துவிடாது.

பரங்கி முற்றும்போது வேறொன்று நடக்கிறது. பச்சைத் தோல் பழுப்பாகிறது, சதையில் கரோட்டின் சேர்ந்து ஆரஞ்சாகிறது, வைத்திருக்க வைத்திருக்க மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுகிறது. பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்புக்கும், திருவாதிரைக் களியோடு வரும் ஏழுகறிக் கூட்டுக்கும் இனிப்பைத் தருவது இதுதான். அந்தக் குழம்பில் உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்க்கக் கூடாது, நாட்டுக் காய்தான் போட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கறாராகச் சொல்வார்கள். பரங்கியின் பூர்விகம் அமெரிக்கக் கண்டம், கொலம்பஸ் காலத்துக்குப் பிறகுதான் அது இந்தப் பக்கம் வந்தது. இதைப் பொங்கலன்று சமையலறையில் சொல்ல வேண்டாம் என்பது என் யோசனை.

கடைசிப் பருவம் நெற்று. கொடியிலேயே விட்டுக் காய்ந்த காய். இதில் கதாநாயகன் சுரை.

சுரையின் தோலில் முற்றும்போது லிக்னின் சேர்கிறது. மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் அதே பொருள். உள்ளே இருந்த நீர் மெல்ல வெளியேறிவிட, சதை சுருங்கிக் காகிதம்போல் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. மிஞ்சுவது மர ஓடு, நடுவே வெற்றிடம், கலகலவென்று விதை. குடுக்கையின் எல்லாப் பயன்களும் இந்த வெற்றிடத்திலிருந்துதான் வருகின்றன: வெற்றிடம் இருப்பதால் பாத்திரமாகிறது, மிதக்கிறது, ஒலிக்கிறது.

பாத்திரம் என்ற வகையில் தண்ணீர், மோர், கள், தேன், விதை என எல்லாவற்றுக்கும் குடுக்கை இருந்திருக்கிறது. மிதவையாக, காவிரியில் நீச்சல் பழகும் பிள்ளைகளின் இடுப்பில் இரண்டு சுரைக்குடுக்கை கட்டுவது பழைய வழக்கம். அந்த வேலையை இப்போது பிளாஸ்டிக் கேன் எடுத்துக்கொண்டது. மிதப்பதில் சுரை எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்குப் பெரிய சான்று வேறு இடத்தில் இருக்கிறது. சுரையின் தாயகம் ஆப்பிரிக்கா. ஆனால் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கண்டத்து மக்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நடுவே அட்லாண்டிக் பெருங்கடல். காய்ந்த சுரையைக் கடல்நீரில் 200 நாளுக்கு மேல் மிதக்கவிட்டுப் பார்த்த சோதனை ஒன்றின் முடிவு 1954 இல் வெளியானது, அதன் பிறகும் விதை முளைத்தது. 2014 இல் வந்த மரபணு ஆய்வும் அமெரிக்கச் சுரை ஆப்பிரிக்காவிலிருந்து கடலில் மிதந்தே போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது.

ஒலிக்குத் தஞ்சாவூரிலேயே சாட்சி உண்டு. வீணையின் பெரிய குடம் பலா மரத்தில் குடைந்தது. இடப்பக்கம், யாளி முகத்தை ஒட்டித் தண்டியின் அடியில் உருண்டையாக ஒன்று இருக்கிறதே, அதற்கு இன்றும் சுரைக்காய் என்றுதான் பெயர். 24 மெட்டுகள் நிலையாகப் பதித்த இன்றைய வடிவத்தை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. வாசிப்பவரின் இடத் தொடையில் பதிந்து வீணையைத் தாங்குவது சுரைக்காயின் முக்கிய வேலை, ஒலிக்குத் துணை நிற்பது அடுத்தது. கழற்றி மாட்டலாம். பல வீணைகளில் இப்போது காகிதக்கூழிலோ ஃபைபரிலோ செய்து பொருத்துகிறார்கள். நல்ல உருண்டையாக, தடித்த ஓட்டோடு காய்ந்த சுரை கிடைப்பது அரிது, கீழே விழுந்தால் விரிசலும் விடும். பாம்பாட்டியின் மகுடியில் புடைத்திருக்கும் பகுதியும் சுரைக்குடுக்கைதான், ஊதும் காற்றைத் தேக்கிவைத்துக் குழல்களுக்கு அனுப்புகிறது.

வீட்டில் குடுக்கை செய்ய ஆசைப்படுபவர்கள் எந்தப் பட்டத்தில் விதைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கொடிக்காய்களுக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டும் ஏற்றவை. ஆனால் ஆடியில் விதைத்த சுரை முற்றும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துக்கொள்ளும். டெல்டாவின் ஈரத்தில் காய் காய்வதற்குள் அழுகிவிடும். தையில் விதைத்தது கத்திரி வெயிலில் முற்றும், குடுக்கைக்கு அதுதான் சரி. கொடிக்கு ஒன்றிரண்டு காயை மட்டும் விட்டு மற்றதைச் சமையலுக்கு அறுத்துவிடுங்கள். காம்பு காய்ந்து பழுப்பான பிறகு, இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, நிழலில் காற்றுப்படும்படி தொங்கவிடுங்கள். மேலே பூஞ்சணம் பூக்கும், பயப்பட வேண்டாம், கடைசியில் சுரண்டிக் கழுவிக்கொள்ளலாம். ஓரிடத்தில் மெத்தென்று அமுங்கினால் மட்டும் அது அழுகல், எறிந்துவிட வேண்டியதுதான். ஆட்டினால் விதை குலுங்கும் வரை பொறுத்திருந்து, இரம்பத் தகடால் வாயை அறுத்து, தண்ணீர் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு உட்சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். கசப்பு நீங்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்றில்லை. விதை போட, பேனா வைக்க, மாடியில் குருவிக்கூடாக மாட்ட வைத்துக்கொள்ளலாம்.

பீர்க்கு நெற்று இதைவிடச் சுலபம். காயின் உடல் முழுக்க நீரைக் கொண்டுபோகும் நரம்புகள் பின்னல் பின்னலாக ஓடுகின்றன. முற்றும்போது சதை வற்றி நரம்புப் பின்னல் மட்டும் மிஞ்சுகிறது, அதுதான் உடம்பு தேய்க்கும் நார். கடையில் பளபளக் காகிதம் சுற்றி இருக்கும் விலையைப் பார்த்தால் கொல்லையில் காய்ந்து தொங்கும் பீர்க்கின் மேல் மரியாதை வரும். வரிப்பீர்க்கிலும் நார் எடுக்கலாம், சற்றுச் சொரசொரப்பு, பாத்திரம் தேய்க்க ஆகும். வரியில்லாத நுரைப்பீர்க்கு நார் மிருதுவானது, குளிக்க ஏற்றது. காய் பழுப்பாகி எடை குறைந்ததும் பறித்து, தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, விதையை உதறி, அலசி வெயிலில் போட்டால் முடிந்தது. ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னும் காயவைக்காவிட்டால் நாரில் பூஞ்சணம் குடியேறும். நைந்துபோனால் எருக்குழியில் போடலாம், மக்கிவிடும்.

நெற்றில் மிஞ்சும் விதையை அலசிக் காயவைத்து, சாம்பலில் புரட்டி எடுத்து வைப்பார்கள். சாணியில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டிவிடுவதும் உண்டு, அடுத்த பட்டத்துக்கு வரட்டியை உடைத்தால் விதை பத்திரமாக இருக்கும். ஒரே கொல்லையில் சுரையும் பீர்க்கும் பாகலும் இருந்தால் கலந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம், அவை ஒன்றோடொன்று கலக்காது. இரண்டு வகைச் சுரை இருந்தால்தான் விதை கலப்பாகும். கோவைக்கு மட்டும் இந்த விதைச் சங்கதியெல்லாம் தேவையில்லை. ஆண் கொடி தனி, பெண் கொடி தனி என்பதால், காய்க்கும் பெண் கொடியாகப் பார்த்து ஒரு சாண் தண்டை ஒடித்துவந்து ஈர மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும்.